கூடைப்பந்தின் சறுக்கலும் ஐஸ் ஹாக்கிக்கான பாடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவை டிவியில் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்ற பேச்சு சில வருடங்களாக ஓயாமல் இருக்கிறது. அதே மாதங்களில், பல ஊர்களில் அதே அரங்கத்தில் நடக்கும் இன்னொரு லீக் என்எச்எல், அதாவது ஐஸ் ஹாக்கி. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இன்று ரேஞ்சர்ஸ் அணி பனியில் ஆடும். நாளை அந்தப் பனிக்கு மேல் பலகைத் தளம் போட்டு நிக்ஸ் அணி பந்து தட்டும். நான் இரண்டையும் பார்க்கிறவன். மனது ஹாக்கிப் பக்கம். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எந்த ஹாக்கியைச் சொல்கிறீர்கள்?

நம் ஊரில் ஹாக்கி என்றால் தயான் சந்தும் தன்ராஜ் பிள்ளையும் நினைவுக்கு வருவார்கள். இது வேறு ஆட்டம். காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, பனித்தரையில், பக் எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டை மட்டையால் அடித்து ஆடுவது. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், கூட ஒரு கோல்கீப்பர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. என்எச்எல் 1917ல் மாண்ட்ரியலில் பிறந்தது. இன்று 32 அணிகள்: 25 அமெரிக்காவில், 7 கனடாவில். கடைசியில் ஜெயிப்பவர்களுக்குக் கிடைப்பது ஸ்டான்லி கோப்பை.

என்பிஏவின் செல்வாக்கு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

எதை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. டிவியை வைத்து அளந்தால், குறைந்திருக்கிறது. 1998ல் மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ், யூட்டா ஜாஸை வென்ற இறுதித் தொடரை அமெரிக்காவில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் பார்த்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு மட்டும் 3.59 கோடி. 2017ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் கிளீவ்லாந்து கவாலியர்ஸும் மோதியபோது 2.04 கோடி. கொரோனா வருடமான 2020ல், வழக்கமான ஜூனை விட்டு அக்டோபர் வரை தள்ளிப்போன தொடருக்கு 75 லட்சம்தான். 2024ல் 1.13 கோடி. 2025ல் ஓக்லஹோமா சிட்டிக்கும் இண்டியானாவுக்கும் நடந்த தொடர் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தும் 1.03 கோடியோடு நின்றது.

பணத்தை வைத்து அளந்தால் கதை தலைகீழ். 2024 ஜூலையில் டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றோடும் என்பிஏ போட்ட ஒப்பந்தம் 11 வருடத்துக்குச் சுமார் 7,600 கோடி டாலர். 2025ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை விற்க ஒப்புக்கொண்ட விலை 610 கோடி டாலர். வேறு எந்த நிகழ்ச்சியையும் யாரும் நேரலையில் பார்க்காத காலத்தில், விளையாட்டு ஒன்றுதான் குறித்த நேரத்துக்கு ஆளை உட்காரவைக்கிறது. அதற்காக நிறுவனங்கள் எவ்வளவும் கொடுக்கின்றன.

எண்களிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். 2025 செப்டம்பரில் நீல்சன் நிறுவனம் பார்வையாளர்களை எண்ணும் முறையையே மாற்றியது. அதற்குப் பிந்தைய எண்ணையும் முந்தைய எண்ணையும் நேராகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அதனால் 'என்பிஏ செத்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடந்தது வேறு, எனக்கு அதுதான் கவலை தருவது. நிறைய ரசிகர்கள் இப்போது என்பிஏவைப் பின்தொடர்கிறார்கள், ஆனால் பார்ப்பதில்லை. யார் எந்த அணிக்குப் போகிறார் என்பது தெரியும், நேற்றைய சிறந்த ஐந்து கூடைகளை போனில் பார்த்துவிடுவார்கள். இன்றைக்கு ராத்திரி நடக்கும் ஆட்டத்தின் முன்னால் இரண்டரை மணி நேரம் உட்காரும் பழக்கம்தான் கழன்றுகொண்டிருக்கிறது.

ஹாக்கியை விட என்பிஏ இன்னும் பெரியதுதானே? சின்னவன் பெரியவனிடம் இதில் என்ன கற்க முடியும்?

பெரியதுதான், மிகவும் பெரியது. 2025 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரை அமெரிக்காவில் சராசரியாக 25 லட்சம் பேர்தான் பார்த்தார்கள். அந்த வருடம் ஒளிபரப்பு டிஎன்டி என்ற கேபிள் சேனலில். மோதிய இரண்டில் ஒன்று எட்மன்டன். கனடாவில் பார்த்தவர்கள் அமெரிக்கக் கணக்கில் சேர மாட்டார்கள். அதையெல்லாம் கழித்துக்கொண்டாலும் வித்தியாசம் பெரிது. ஹாக்கிக்காரர்கள் கைதட்டிச் சிரிக்க இதில் எதுவும் இல்லை.

தவிர, ஹாக்கி தனக்குத்தானே போட்டுக்கொண்ட வெட்டுகள் கொஞ்சமல்ல. சம்பளத் தகராறில் முதலாளிகள் கதவடைத்ததால் 1994-95லும் 2012-13லும் சீசன் 48 ஆட்டமாகச் சுருங்கியது. 2004-05 சீசன் முழுவதுமே ரத்து. ஃப்ளூ பரவி இறுதித் தொடர் பாதியில் நின்ற 1919க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பை யாருக்கும் கொடுக்கப்படாத வருடம் அது. ஈஎஸ்பிஎன் கையைக் கழுவியது. லீக் போய்ச் சேர்ந்த இடம் அவுட்டோர் லைஃப் நெட்வொர்க் என்ற சேனல். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்கிறவர்களுக்குத்தான் அதைத் தெரியும். ஈஎஸ்பிஎன்னுக்குத் திரும்ப 2021 வரை ஆனது.

கற்றுக்கொள்வது என்றால் ஹாக்கிக்கு வழி புதிதும் இல்லை. 1993 பிப்ரவரியிலிருந்து என்எச்எல் ஆணையராக இருக்கும் கேரி பெட்மன் அதற்கு முன் என்பிஏவில், அதன் ஆணையராக இருந்த டேவிட் ஸ்டெர்னுக்குக் கீழே வேலை பார்த்தவர். ஒரு அணி தன் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று 1980களில் என்பிஏ கொண்டுவந்த சம்பள உச்சவரம்பை வடிவமைத்தவர்களில் ஒருவர். என்பிஏவின் வெற்றியைப் பார்த்து முப்பது வருடம் பாடம் எடுத்தாயிற்று. இப்போது அதன் சறுக்கலையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

நட்சத்திரங்கள் ஓய்வெடுப்பதுதான் முக்கியக் காரணமா?

காரணங்களில் என் கணக்கில் முதல் இடம் இதற்குத்தான். 2012 நவம்பரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச், மயாமியில் தேசிய அளவில் ஒளிபரப்பாக இருந்த ஆட்டத்துக்கு முன் டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். யாருக்கும் காயமில்லை. ஓய்வு, அவ்வளவுதான். லீக் 2.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அன்று அது அதிர்ச்சி. பத்து வருடத்தில் அதுவே நடைமுறையாகி, 'லோடு மேனேஜ்மென்ட்' என்று பெயரும் வாங்கிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓய்வு கொடுக்கும் அணி தவறு செய்யவில்லை. 2018-19ல் டொராண்டோ ராப்டர்ஸ், கவாய் லெனர்டை 82 ஆட்டங்களில் 60ல்தான் இறக்கியது. அந்த ஜூனில் அவர் தெம்போடு ஆடி, அந்த அணிக்கு முதல் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். டொராண்டோவுக்கு அது சரியான முடிவு. ஆனால் அவர் ஆடாத 22 ஆட்டங்களில் ஏதோ ஒன்றுக்கு, வருடத்தில் ஒரே ஒரு தடவை, மகனைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் வாங்கி வந்த அப்பாவை நினைத்துப் பாருங்கள். அந்தப் பையனுக்கு லீக் சொல்லாமல் சொன்னது இது: இன்றைய ஆட்டம் அத்தனை முக்கியமில்லை. முப்பது அணிகளும் தங்கள் லாபத்துக்கு இதையே செய்தபோது, மொத்த லீக்கின் சொத்து கரைந்தது.

என்பிஏ விழித்துக்கொண்டு, 2023-24லிருந்து 65 ஆட்டமாவது ஆடாதவருக்குப் பெரிய விருதுகள் கிடையாது என்று விதி போட்டது. நல்லதுதான். ஆனால் போன பழக்கத்தை விதி போட்டுத் திரும்ப அழைப்பது கஷ்டம்.

ஹாக்கியில் இந்த வியாதி இன்னும் பரவவில்லை. ஆட்டத்தின் அமைப்பே ஒரு காரணம். ஒரு வீரர் பனியில் இறங்கினால் முக்கால் நிமிடம் முழுமூச்சோடு ஓடிவிட்டு பெஞ்சுக்கு வந்துவிடுவார். முன்னணித் தாக்குதல் வீரர்கூட ஒரு ஆட்டத்தில் களத்தில் இருப்பது 20 நிமிடம் அளவில்தான். இன்னொரு காரணம் பண்பாடு. 2013 இறுதித் தொடரில் பாஸ்டனின் பாட்ரிஸ் பெர்ஜரான் உடைந்த விலா எலும்போடு கடைசி ஆட்டத்தை ஆடினார். ஆட்டம் முடிந்து மருத்துவமனைக்குப் போனால் நுரையீரலிலும் ஓட்டை. இதை நான் முழுமனதோடு புகழ மாட்டேன். தலையில் அடிபட்டவர் இப்படி ஆடினால் வாழ்நாள் முழுக்கச் சேதம். அடிபட்டவர் உட்கார வேண்டும், அடிபடாதவர் ஆட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே போதும்.

அப்படியிருக்க, என்எச்எல் ஏன் 84 ஆட்டத்துக்குப் போகிறது?

2025ல் லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 2026-27லிருந்து சீசன் 82 ஆட்டத்திலிருந்து 84 ஆகிறது. பதிலுக்குப் பயிற்சி ஆட்டங்கள் நாலாகக் குறைகின்றன. பக்கத்து ஊர்ப் பகை அணிகள் கூடுதலாக மோதும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 82 ஆட்டம் அதிகம் என்பதுதான் என்பிஏவின் ஓய்வுப் பிரச்சினைக்கே வேர். ஆட்டம் கூடக்கூட ஒவ்வொன்றின் எடையும் குறையும். 76 ஆட்டமாக வைத்து, ஒவ்வொரு ராத்திரியும் முழு அணி இறங்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

எல்லோரும் மூன்று புள்ளிக்கே எறிவதால்தான் என்பிஏ அலுக்கிறது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. கூடைக்குத் தள்ளி ஒரு கோடு உண்டு; அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி, உள்ளே நின்று போட்டால் இரண்டு. அந்த மூன்று புள்ளிக் கோடு என்பிஏவுக்கு வந்த 1979-80ல் ஒரு அணி ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று தடவைகூட அங்கிருந்து எறியவில்லை. 2024-25ல் 37 தடவைக்கு மேல். பாஸ்டன் மட்டும் 48.

கணக்கு எளிது. கோட்டுக்கு வெளியே நின்று நூற்றுக்கு 35 போட்டால் 105 புள்ளி. கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று நூற்றுக்கு 40 போட்டாலும் 80தான். இதை ஒரு தடவை போட்டுப் பார்த்த எந்தப் பயிற்சியாளரும் அந்த நடுத்தூர எறிதலை அனுமதிக்க மாட்டார். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஸ்டெஃபன் கறி இதை அழகாகச் செய்து காட்டினார். அவரை எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது. ஆனால் அவருடைய கை இல்லாதவர்களும் அதையே செய்யத் தொடங்கியதும், எந்த அணியைப் பார்த்தாலும் ஒரே ஆட்டமாகத் தெரிகிறது. ஐந்து தடவை எறிந்து மூன்று தவறுவதைப் பார்க்கத்தான் நேரம் போகிறது.

ஹாக்கி இந்தப் பள்ளத்தில் முன்பே விழுந்து எழுந்தது. 1995ல் நியூ ஜெர்சி டெவில்ஸ், நடுப்பகுதியில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எதிரணியை நகரவிடாமல் கட்டிப்போடும் 'ட்ராப்' உத்தியால் டெட்ராய்ட்டை 4-0 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. திறமை குறைந்த அணிக்கும் இது கைகொடுக்கும் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு அதையே பிடித்துக்கொண்டார்கள். மட்டையால் கொக்கி போட்டு இழுத்தாலும் நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை. 2003-04ல் இரண்டு அணிகளும் சேர்ந்து ஒரு ஆட்டத்தில் அடித்தது சராசரியாக ஐந்து கோல்தான். ரசிகர்கள் அந்தக் காலத்தை இன்றும் 'செத்த பக்' காலம் என்பார்கள்.

சீசனே ரத்தான அந்த இடைவெளியில்தான் விதிகளைக் கிளறினார்கள். இரண்டு கோடுகளைத் தாண்டும் நீண்ட பாஸ் அனுமதிக்கப்பட்டது. கொக்கி போட்டால் தண்டனை நிச்சயம். கோல்கீப்பரின் கவசங்கள் குறுகின. 2005-06ல் கோல் எண்ணிக்கை ஆறைத் தாண்டியது. பத்து வருடம் தூங்கியது தவறு, ஆனால் எழுந்ததும் தைரியமாகச் செய்தார்கள். பயிற்சியாளர்கள் கணக்குப் போட்டு ஆட்டத்தை ஒரே அச்சில் வார்க்கும்போது, அவர்களைத் திட்டிப் பயனில்லை. கணக்கு மாறும்படி விதியை மாற்ற வேண்டும். என்பிஏ இன்னும் கோட்டை நகர்த்தவில்லை.

இப்போது ஹாக்கியில் அப்படித் திருத்த வேண்டிய கணக்கு ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது: தோற்றவருக்குக் கொடுக்கும் ஒரு புள்ளி. என்எச்எல்லில் 60 நிமிடத்துக்குள் ஜெயித்தால் இரண்டு புள்ளி, தோற்றவருக்குச் சுழி. ஸ்கோர் சமமாகி ஆட்டம் ஓவர்டைமுக்கு, அதாவது கூடுதல் நேரத்துக்குப் போனால் ஜெயித்தவருக்கு இரண்டு, தோற்றவருக்கும் ஒன்று. அதாவது பங்கிட இரண்டு புள்ளி இருந்த இடத்தில் திடீரென்று மூன்று. கடைசி ஐந்து நிமிடத்தில் ஸ்கோர் சமமாக இருந்தால் இரண்டு அணிகளும் பக்கைப் பத்திரமாகச் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான். ஆட்டத்தின் மிகச் சூடான நிமிடங்கள் ஆறிப்போகின்றன.

2024 ஜனவரியில் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கான பிடபிள்யூஎச்எல் இதை முதல் நாளே சரியாகச் செய்தது. நேரத்துக்குள் ஜெயித்தால் மூன்று, ஓவர்டைமில் ஜெயித்தால் இரண்டு, அதில் தோற்றால் ஒன்று. எப்படிப் பார்த்தாலும் மொத்தம் மூன்று. தங்கையிடம் கற்றுக்கொள்வதில் அண்ணனுக்கு என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆல்-ஸ்டார் ஆட்டம் பற்றி ஏன் இத்தனை பேச்சு?

ஆல்-ஸ்டார் என்பது லீக்கின் நட்சத்திரங்களை இரண்டு பக்கமாகப் பிரித்து ஆடவிடும் காட்சி ஆட்டம். இரண்டு லீக்கும் எந்தத் திசையில் போகின்றன என்பது 2025 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் தெரிந்தது.

என்பிஏவின் 2024 ஆல்-ஸ்டார் ஆட்டம் 211-186 என்று முடிந்தது. தடுப்பாட்டம் என்ற ஒன்றே இல்லை. 2025ல் அதைச் சின்னப் போட்டித் தொடராக மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் எடுபடவில்லை.

என்எச்எல்லின் ஆல்-ஸ்டார் ஆட்டமும் அதே லட்சணத்தில்தான் இருந்தது. ஆனால் 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டு, கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து நான்கும் மோதும் '4 நேஷன்ஸ் ஃபேஸ்-ஆஃப்' தொடரை மாண்ட்ரியலிலும் பாஸ்டனிலும் நடத்தினார்கள். பிப்ரவரி 15 அன்று மாண்ட்ரியலில் கனடாவும் அமெரிக்காவும். வரி, எல்லை என்று இரண்டு நாட்டுக்கும் உரசல் ஏறியிருந்த நேரம். அமெரிக்க தேசிய கீதத்தை அரங்கமே கூச்சலிட்டு எதிர்த்தது. ஆட்டம் தொடங்கிய ஒன்பது நொடிக்குள் மூன்று கைகலப்பு. சண்டையை நான் கொண்டாடவில்லை. ஆனால் கோடி கோடியாகச் சம்பாதிப்பவர்கள், சீசன் புள்ளி எதுவும் கிடைக்காத ஒரு ஆட்டத்தில், தங்கள் நாட்டுச் சட்டைக்காக உயிரைக் கொடுத்து ஆடியதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிப்ரவரி 20 இறுதி ஆட்டத்தில் கானர் மெக்டேவிட் ஓவர்டைமில் அடித்த கோலால் கனடா 3-2 என்று வென்றது. அமெரிக்காவில் மட்டும் 93 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். அதே வாரத்து என்பிஏ ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு வந்தவர்கள் அதில் பாதி அளவுதான்.

என்எச்எல் 2018லும் 2022லும் ஒலிம்பிக்குக்குத் தன் வீரர்களை அனுப்பவில்லை. எவ்வளவு பெரிய இழப்பு என்று அந்த இரவு காட்டியது. 2026 மிலானுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டதும், 2028ல் உலகக் கோப்பையை மீண்டும் நடத்தப்போவதாக அறிவித்ததும் சரியான முடிவுகள்.

ஆட்டத்தை எந்தச் சேனலில் பார்ப்பது என்பதே பெரிய பிரச்சினை என்கிறார்களே?

ஆமாம். அமெரிக்காவில் ஒரு ரசிகர் தன் சொந்த ஊர் அணியின் எல்லா ஆட்டத்தையும் பார்க்க மூன்று நாலு சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. உள்ளூர் ஆட்டங்களைக் காட்டிவந்த வட்டார விளையாட்டு சேனல்கள் கேபிளை நம்பி இருந்தவை. கேபிள் சரிந்ததும் அவையும் சரிந்தன. அவற்றில் பெரிய நிறுவனமான டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. அடி என்பிஏ, என்எச்எல் இரண்டுக்கும்.

வேகாஸ் கோல்டன் நைட்ஸ் ஹாக்கி அணி அந்த 2023லேயே கேபிளை விட்டுவிட்டு, ஆன்டெனா வைத்தாலே இலவசமாக வரும் உள்ளூர் சேனலுக்கு மாறியது. கூடைப்பந்தில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அதே வருடம் அதையே செய்தது. அடுத்த வருடம் ஃப்ளோரிடா பாந்தர்ஸ் ஹாக்கி அணியும் அந்த வழிக்கு வந்தது. உடனடி வருமானம் குறையலாம். ஆனால் பத்து வயதுப் பையன் ரிமோட்டைத் திருப்பும்போது தற்செயலாக ஆட்டம் கண்ணில் பட வேண்டும். அப்படித்தான் ரசிகன் பிறக்கிறான்.

என்பிஏவிடமிருந்து ஹாக்கி நல்லதாக எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

வேண்டும், முக்கியமாக ஒன்று: ஆட்களை முன்னால் நிறுத்துவது. 1980 இறுதித் தொடரில் 20 வயது மேஜிக் ஜான்சன் 42 புள்ளி எடுத்துப் பட்டம் வென்ற ஆட்டத்தை அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் நேரலையில்கூடக் காட்டவில்லை. பதிவு செய்து நள்ளிரவை ஒட்டி ஓட்டினார்கள். அங்கிருந்து 1998ன் மூன்றரைக் கோடிக்கு லீக்கைத் தூக்கி வந்தது மேஜிக், லாரி பர்ட், ஜோர்டான் என்ற மனிதர்களின் கதை.

ஹாக்கியோ தன் ஆட்களை ஒளித்து வைக்கிறது. தலையில் ஹெல்மெட், பேட்டியில் எல்லோருக்கும் ஒரே பதில். காயம் என்றால்கூட 'மேலுடம்பில் காயம்' என்பதற்கு மேல் அணி வாய் திறக்காது. அணிதான் பெரிது, தனி ஆள் இல்லை என்ற பண்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் வெளியூர்க்காரரை உள்ளே இழுப்பது ஒரு ஆள்தான். 1988 ஆகஸ்டில் ஹாக்கியின் மிகப் பெரிய நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கி எட்மன்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். அடுத்த ஐந்தே வருடத்தில் சான் ஹோசே, டாம்பா, அனஹைம், மயாமி, டல்லாஸ் என்று பனியே அபூர்வமான ஊர்களில் அணிகள் முளைத்தன. அரிசோனா பாலைவனத்தில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2016ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 2025 ஏப்ரல் 6 அன்று அலெக்ஸ் ஒவெச்கின் 895வது கோல் அடித்து கிரெட்ஸ்கியின் சாதனையை முறியடித்தபோது கிரெட்ஸ்கி அரங்கிலேயே இருந்தார். இதுபோன்ற கணத்துக்கு மாதக்கணக்கில் கூட்டம் சேர்க்க என்பிஏவுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. இன்று என்பிஏவைச் சுற்றி நடக்கும் பேச்சில் பாதி, யார் எந்த அணிக்குப் போவார் என்பதுதான். ஆட்டத்தை விட இடமாற்றச் செய்தி சுவையாகிவிட்டது. ஆளைக் காட்டுங்கள், பனியில் ஆடும் ஆளாகக் காட்டுங்கள்.

எல்லா அணிக்கும் சம வாய்ப்பு இருந்தால் ரசிகர்கள் கூடுவார்களா?

அது மட்டும் போதாது. 2019 முதல் 2025 வரை என்பிஏவில் ஏழு வருடத்துக்கு ஏழு வெவ்வேறு சாம்பியன்கள். டிவி கூட்டம் ஏறவில்லை. கூட்டம் உச்சத்தில் இருந்தது ஜோர்டான் காலத்திலும், ஒரே இரண்டு அணிகள் 2015 முதல் 2018 வரை நாலு வருடம் தொடர்ந்து இறுதியில் மோதிய காலத்திலும். 2005லிருந்து கறாரான சம்பள உச்சவரம்பு உள்ள என்எச்எல்லில் சமநிலை இயல்பாகவே இருக்கிறது. பழைய பகைகளை வளர்ப்பதுதான் அதற்குப் பாக்கி.

சூதாட்ட விளம்பரங்கள்?

2018ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த தடையை நீக்கியபின் பந்தய நிறுவனங்களின் பணம் எல்லா லீக்குகளிலும் கொட்டுகிறது. 2024 ஏப்ரலில் என்பிஏ, பந்தயக்காரர்களுக்குத் தகவல் கொடுத்த ஜான்டே போர்ட்டரை வாழ்நாள் தடை செய்தது. என்எச்எல் 2023 அக்டோபரில் ஒட்டாவாவின் ஷேன் பின்டோவை, பந்தய நடவடிக்கை தொடர்பாக 41 ஆட்டம் நிறுத்திவைத்தது. அவர் என்எச்எல் ஆட்டத்தில் பந்தயம் கட்டியதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் லீக் சொன்னது. ஒரு பக்கம் விளம்பரத்தை வாங்கிக்கொண்டு மறுபக்கம் வீரரைத் தண்டிப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆட்டம் நேர்மையானது என்ற நம்பிக்கை போனால் மீதி எல்லாம் போய்விடும்.

ஹாக்கி வசதியானவர்களின் ஆட்டம்தானே, புதியவர்கள் எப்படி வருவார்கள்?

இது என்பிஏவின் சறுக்கலில் இருந்து கற்பது இல்லை, அதன் பலத்தில் இருந்து கற்க வேண்டியது. டொராண்டோ இதற்கு நல்ல உதாரணம். மேப்பிள் லீஃப்ஸ் ஹாக்கி அணியும் ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியும் ஒரே நிறுவனத்துடையவை, ஒரே அரங்கத்தில் ஆடுபவை. ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் ஈழத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வந்து இறங்கிய குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு பந்தும் ஒரு ஜோடி ஷூவும் இருந்தால் கூடைப்பந்து ஆடலாம். ஹாக்கிக்கு ஸ்கேட், மட்டை, ஹெல்மெட், தலை முதல் கால் வரை கவசம், பனித்தள வாடகை, விடியற்காலை கார் பயணம். அடுத்த வருடம் கால் வளர்ந்தால் ஸ்கேட் மறுபடியும் வாங்க வேண்டும். லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1967ல். ராப்டர்ஸ் 2019ல் வென்றபோது தெருவெல்லாம் கூட்டம். அதில் எல்லா நாட்டு முகங்களும் இருந்தன.

ஹாக்கி கதவைத் திறந்தால் வருவார்கள் என்பதற்கும் கனடாவிலேயே சாட்சி இருக்கிறது. 2008ல் தொடங்கிய பஞ்சாபி மொழி வர்ணனை, தாத்தா பாட்டிகளையும் பேரப்பிள்ளைகளோடு டிவி முன் உட்காரவைத்தது. 2016 இறுதித் தொடரில் பிட்ஸ்பர்க்கின் நிக் போனினோ கோல் அடித்தபோது வர்ணனையாளர் ஹர்நாராயண் சிங் "போனினோ போனினோ போனினோ" என்று மூச்சுவிடாமல் கத்தியது பஞ்சாபி தெரியாதவர்களுக்கும் மனப்பாடம். 2026-27லிருந்து கனடா ஒளிபரப்பு உரிமைக்காக ரோஜர்ஸ் நிறுவனம் 12 வருடத்துக்கு 1,100 கோடி கனடா டாலர் தரப்போகிறது. அதில் ஒரு துளியை ஸ்கேட் வாங்க முடியாத பிள்ளைகள் பக்கம் திருப்பினால், இருபது வருடம் கழித்துப் பார்க்கவும் ஆள் இருக்கும்.

நான் ஹாக்கி பார்த்ததே இல்லை. எங்கிருந்து தொடங்கட்டும்?

ஏப்ரலில் தொடங்கும், கோப்பைக்கான இறுதிக்கட்டமான பிளேஆஃப் சுற்றிலிருந்து. கிழக்குக் கரையில் மாலை 7 மணி ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை 4.30. முதல் சில ஆட்டங்களில் பக் எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. கவலைப்படாதீர்கள், வீரர்களின் உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள், பக் தானாகத் தெரியும்.

ஸ்கோர் சமமாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். பிளேஆஃபில் பெனால்டி ஷூட்டவுட் முறை கிடையாது. யாராவது ஒருவர் கோல் அடிக்கும் வரை 20 நிமிடம், 20 நிமிடமாக ஓவர்டைம் போய்க்கொண்டே இருக்கும். 2020 ஆகஸ்டில் டாம்பா பேக்கும் கொலம்பஸும் ஆடிய ஆட்டம் ஐந்தாவது ஓவர்டைம் வரை போனது. கொலம்பஸ் கோல்கீப்பர் யோனாஸ் கோர்பிசாலோ அன்று 85 ஷாட்டுகளைத் தடுத்தார். அடுத்த ஒன்றை பிரேடன் பாயின்ட் உள்ளே அடித்தார், ஆட்டம் முடிந்தது. அது முதல் சுற்றின் முதல் ஆட்டம்தான்.